காங்கோ ரெட்: பச்சை ஒளி வரவில்லை, திசு முழுக்க இளஞ்சிவப்பு. உதவி வேண்டும்

கேள்வி

வணக்கம். சிறுநீரகத் திசுவில் அமிலாய்ட் (இழை இழையாகப் படியும் கோளாறான புரதம்) இருக்கிறதா என்று பார்க்க, காங்கோ ரெட் என்ற சாயத்தைக் காரத்தோடு சேர்க்கும் முறையில் ஸ்லைடு தயாரிக்கிறேன். கொலாஜன் (திசுவைத் தாங்கும் நார்ப்புரதம்) உட்பட எல்லாமே இளஞ்சிவப்பாகி விடுகிறது. போலரைசரில் (ஒளியை ஒரே தளத்தில் அதிரவிடும் வடிகட்டி) பார்த்தால் வெள்ளி மாதிரி மின்னுகிறதே தவிர, அமிலாய்டுக்கு அடையாளமான ஆப்பிள் பச்சை வரவில்லை. போதாததற்கு, ஒரு ஜாடியில் ஊற்றிய சாயம் நீலமாகிவிட்டது. சாயம் கெட்டுப்போய்விட்டதா?

பதில் 1

நீலத்துக்குக் காரணம் அநேகமாக அமிலம். காங்கோ ரெட் ஒரு பிஎச் (அமில, கார அளவு) காட்டியும்கூட: சுமார் 3-க்குக் கீழே நீலம், 5.2-க்கு மேலே சிவப்பு. ஜாடியை ஆசிட் போட்டுக் கழுவிவிட்டு சரியாக அலசாமல் விட்டிருந்தால் இப்படித்தான் ஆகும். அந்தக் கரைசலைப் பயன்படுத்தாமல் ஒதுக்கிவிடுங்கள், பாட்டிலில் இருப்பது சிவப்பாக இருந்தால் கவலை வேண்டாம். ஹீமாடாக்ஸிலினுக்கு (செல் கருவை நீலமாக்கும் சாயம்) பிறகு ஆசிட் ஆல்கஹால் காட்டுகிறீர்கள் என்றால், அடுத்து ஓடும் தண்ணீரில் நன்றாக அலசுங்கள்.

செக்‌ஷன் (திசுவின் மெல்லிய சீவல்) எத்தனை மைக்ரான் தடிமன்? சோடியம் ஹைட்ராக்சைடை எப்போது சேர்க்கிறீர்கள்? கன்ட்ரோல் ஸ்லைடு (அமிலாய்ட் இருப்பது ஏற்கெனவே தெரிந்த திசு) வைத்தீர்களா?

கேட்டவர்

4 மைக்ரான். ஆய்வகத்தில் எழுதி வைத்திருக்கும் முறைப்படி, காலையிலேயே காரம் கலந்து நாள் முழுக்க அதையே பயன்படுத்துகிறோம். கன்ட்ரோல் உண்டு, ஆனால் எப்போதோ வெட்டி வைத்த ஸ்லைடுகள்.

பதில் 2

நீங்கள் சொன்ன மூன்றையும் மாற்ற வேண்டும்.

முதலில் தடிமன். 4 மைக்ரானில் சாயம் ஏறினாலும் பச்சை தெரியும் அளவுக்கு இருக்காது. 8 முதல் 10 வரை வெட்டுங்கள். அதற்கு மேல் போனால் பச்சை மங்கி மஞ்சளாகத் தெரியும்.

அடுத்தது காரம், உப்பு. இந்த முறையின் உயிரே இதில்தான் இருக்கிறது. 1883-இல் பால் போட்டிகர் இந்தச் சாயத்தை உருவாக்கினார். நிறத்தை ஒட்டவைக்கும் துணைப்பொருள் எதுவும் இல்லாமல் நேரடியாகப் பருத்தியில் பிடித்துக்கொள்ளும் என்பதுதான் அதன் சிறப்பு. நீளமான, தட்டையான மூலக்கூறு, செல்லுலோஸ் இழை நெடுகப் படிந்து ஒட்டிக்கொள்கிறது. அமிலாய்ட் இழையிலும் அப்படியே வரிசையாகப் படிகிறது. போலரைசரில் பச்சை தருவது அந்த ஒழுங்குதான். ஆனால் சாயத்துக்கு எதிர்மின் சுமையும் உண்டு. அதனால் நேர்மின் சுமையுள்ள மற்ற புரதங்களிலும் ஒட்டப் பார்க்கும். அந்த ஒட்டுதலைக் காரமும் உப்பும் அடக்குகின்றன. காரம் பழசானால் அந்த அடக்கம் போய், நீங்கள் பார்க்கும் இளஞ்சிவப்பு வந்துவிடும்.

எனவே 80% ஆல்கஹாலில் உப்பு நிறைவுறக் கரைத்த ஸ்டாக்கை (முன்பே தயாரித்து வைக்கும் கரைசல்) எடுத்து, 100 மில்லிக்கு 1% சோடியம் ஹைட்ராக்சைடு 1 மில்லி சேர்த்து, வடிகட்டி, 15 நிமிடத்துக்குள் பயன்படுத்துங்கள். முதலில் சாயமில்லாத காரக் கரைசலில் 20 நிமிடம், பிறகு சாயத்தில் 20 நிமிடம். சாயக் கரைசலுக்கும் காரத்தை ஒவ்வொரு முறையும் பயன்படுத்துவதற்குச் சற்று முன்புதான் சேர்க்க வேண்டும்.

கன்ட்ரோலைப் புதிதாக வெட்டுங்கள். வெட்டி வைத்த செக்‌ஷன் நாளாக நாளாகச் சாயம் ஏற்பது குறையும், அதை நம்பி எதையும் தீர்மானிக்கக் கூடாது.

பதில் 3

வெள்ளி மின்னல் கொலாஜனுடையது, சாயமே இல்லாமலும் வரும். எனவே இளஞ்சிவப்பு மட்டும் பார்த்து "பாசிட்டிவ்" என்று எழுதிவிடாதீர்கள், தயவுசெய்து. ஒரு நோயாளியின் சிகிச்சையே அதில் மாறிவிடும். விளக்கை முழுப் பிரகாசத்தில் வைத்து, இரண்டு போலரைசரும் முழுக்கக் குறுக்காக இருக்கும்படி, அதாவது வெறும் கண்ணாடி கறுப்பாகத் தெரியும்வரை திருப்பிவிட்டு, அப்புறம் தேடுங்கள்.

கேட்டவர்

8 மைக்ரான், புதுக் காரம், புதுக் கன்ட்ரோல். கொலாஜன் சுத்தமாக இருக்கிறது. கன்ட்ரோலில் இரத்தக்குழாய்ச் சுவர்கள் பச்சையாக ஒளிர்கின்றன. எல்லோருக்கும் மிக்க நன்றி! பழைய கரைசலை என்ன செய்வது?

பதில் 1

சிங்க்கில் ஊற்ற வேண்டாம். இது பென்சிடினிலிருந்து வரும் சாயம், உடலுக்குள் போனால் மறுபடி பென்சிடினாகச் சிதையலாம், அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். ஆபத்தான கழிவுக்கான பாட்டிலில் சேருங்கள். தூளை எடை போடும்போதும் கையுறை, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.