செத்ததுபோல் நடிக்கும் நீல வண்டு: அரிசோனா பக்கம் பார்த்தவங்க சொல்லுங்க

கள்ளிக்காட்டான் (சாண்ட்லர்):
கோடையில் இருட்டினப்புறம் புற ஊதா டார்ச்சோட தேள் பார்க்கக் கிளம்புறது இங்கே பலருக்கும் பொழுதுபோக்கு. நானும் தேளுக்குத்தான் போனேன். கிரியோசோட்ங்கிற பாலைவனப் புதரடியில் சாம்பல் பூத்த நீலத்தில் ஒரு வண்டு, இரண்டு செ.மீ. இருக்கும், முதுகெல்லாம் பொடிப்பொடிப் புடைப்பு. குச்சியால லேசாத் தொட்டதும் மல்லாந்து விழுந்துடுச்சு. ஆறு காலும் விறைச்சு நிக்குது, ஊதினாலும் அசையலை. டார்ச்சை அணைச்சுட்டு உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் கழிச்சு உணர்கொம்பு நுனி மட்டும் ஆடிச்சு. அப்புறம் ஒரு கால். அப்புறம் புரண்டு எழுந்து, எதுவுமே நடக்காத மாதிரி நடையைக் கட்டிடுச்சு! பேர் ஆஸ்போலஸ் வெருகோசஸ்னு பிறகு தேடித் தெரிஞ்சுக்கிட்டேன். சோனோரா, மொஹாவி பாலைவனத்துக்காரராம்.

மணல்மேடு (டூசான்):
எங்க வீட்டுப் பின்பக்கம் வரும். ஆனா நீலமா இல்லாம கன்னங்கரேல்னு இருந்ததால வேற வண்டுன்னு விட்டிருந்தேன். ரெண்டும் ஒண்ணுதான். காற்று வறண்டா முதுகுப் புடைப்புகளிலிருந்து மெழுகு இழை இழையா சுரந்து மேலே படியும், அதுதான் அந்த நீலம். ஈரப்பதம் ஏறினா கறுப்பு. டெம்பியில் உள்ள அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் நீல் ஹாட்லி 1979-லயே இதை எழுதியிருக்கார். உடம்பு நீர் வத்தாம இருக்க அந்த மெழுகுதான் காவல். அதனால கையில் எடுத்துத் தேய்க்காதீங்கப்பா.

முருங்கைமரம் (ஃபீனிக்ஸ்):
நீங்க பார்த்தது சாது. எனக்கு வாய்ச்சது எலியோடிஸ்ங்கிற வண்டு. ரெண்டும் டார்க்லிங்கிற ஒரே வண்டுக் குடும்பம்தான், குணம்தான் நேரெதிர். சவுத் மவுண்டன் நடைபாதையில் என் ஷூ பக்கத்தில் வந்ததும் தலையைக் கீழே குத்தி, பின்பக்கத்தை மேலே தூக்கி நின்னுச்சு. பையன் "அப்பா, சிரசாசனம் பண்ணுது"ன்னு கையை நீட்டிட்டான். விரல் பழுப்பாயிடுச்சு, சோப்பு போட்டுக் கழுவியும் கறையும் போகலை, நாத்தமும் போகலை. பின்பக்கச் சுரப்பியிலிருந்து குவினோன்ங்கிற நாத்த ரசாயனத்தைப் பீய்ச்சுமாம்.

மணல்மேடு:
முருங்கைமரம் சார், விஷயமே அங்கதான். ஆஸ்போலஸ் வகையறாவுக்கு அந்தச் சுரப்பியே கிடையாது. முதுகு ஓடு ஒட்டிப்போனதால பறக்கவும் வழியில்லை. அப்புறம் தடித்த ஓடும் நடிப்பும்தான் மிச்சம். அசைவைப் பார்த்துப் பிடிக்கிற பிராணிக்கு முன்னாடி அசையாம கிடக்கிறது பெரிய தந்திரம்தான். உங்க எலியோடிஸை மட்டும் வெல்ல முடியாததுன்னு நினைக்காதீங்க. வெட்டுக்கிளி எலின்னு ஒண்ணு இருக்கு, பூச்சியும் தேளும் தின்கிற ஜாதி. அது வண்டைப் பிடிச்சு, பின்பக்கத்தை மண்ணுக்குள்ள அழுத்திக்கிட்டு தலையிலிருந்து தின்ன ஆரம்பிக்கும். பீய்ச்சினதெல்லாம் மண்ணுக்கு! பூச்சி ஆராய்ச்சியாளர் தாமஸ் ஐஸ்னர் 1960-கள்லயே இதைப் பதிவு பண்ணியிருக்கார். எனக்கென்னவோ இந்தப் பாலைவனத்தில் அந்த எலிதான் கெட்டிக்காரன்.

அல்லிக்குளம் (மேசா):
அண்ணா, பொண்ணு கேக்கிறா, இதை வீட்டில் வளர்க்கலாமா?

கள்ளிக்காட்டான்:
தாராளமா வளர்க்கலாம்மா, பெட் ஷாப்பில் விக்கிறாங்க. மணல் போட்ட தொட்டி, ஒளிய மரப்பட்டை, ஒரு துண்டு கேரட், அவ்வளவுதான் செலவு. அடிக்கடி தண்ணி மட்டும் தெளிச்சுடாதீங்க, நீலம் போயிடும். சகுவாரோ தேசியப் பூங்காவிலிருந்து பொறுக்கிட்டு வந்துடாதீங்க, அங்கே எதையும் எடுக்கக் கூடாது.