கீசர் மாட்டப் போய்ச் சுவருக்குள் இருந்த பைப்பில் துளை விழுந்துவிட்டது: நஷ்டத்தில் என் பங்கு எவ்வளவு?

நீர்க்குழாய்14 எழுதியது:

வணக்கம். 14 வருடமாகப் பிளம்பிங் வேலை செய்கிறேன். கூட ஒரே ஒரு உதவியாள். போன வாரம் ஒரு வீட்டில் நடந்ததை அப்படியே சொல்கிறேன். எனக்காகப் பேச வேண்டாம், நியாயம் எதுவோ அதைச் சொல்லுங்கள்.

மாடி வீடு. பழைய கீசரைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்ட வேண்டும். அரை நாள்கூட ஆகாத வேலை. புதிய கீசரின் போல்ட் இடைவெளி பழைய துளைகளோடு பொருந்தவில்லை. இரண்டு புதுத் துளை போட வேண்டியிருந்தது. நான் அளந்து பென்சிலால் குறி வைத்தேன். ட்ரில் பிடித்தது உதவியாள். 22 வயது, இரண்டு வருடமாக என்னோடு இருக்கிறான், நிதானமாக வேலை செய்கிறவன். முதல் துளை நன்றாக இறங்கியது. இரண்டாவதில் ட்ரில்லை வெளியே இழுத்ததும் தண்ணீர் பீறிட்டு எதிர்ச் சுவரில் அடித்தது.

ஓடிப் போய் பாத்ரூம் வால்வைத் திருகினேன். பழைய கேட் வால்வு, உள்ளே தகடு இறங்கித் தண்ணீரை அடைக்கிற வகை. கைப்பிடி சும்மா சுற்றிக்கொண்டே இருக்கிறது, தண்ணீர் நிற்கவில்லை. வீட்டுக்காரர் வெளியே போயிருந்தார். அவருடைய அம்மாவுக்கு மெயின் வால்வு எங்கே என்று தெரியவில்லை. மொட்டை மாடிக் கதவு பூட்டியிருந்தது. சாவியைத் தேடி, மேலே ஏறி, தொட்டியில் அடைப்பதற்குள் 20 நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதுவரை அந்தப் பையன் துளையில் துணியைத் திணித்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு நின்றான். அப்படியும் தண்ணீர் நிலைப்படியைத் தாண்டிப் படுக்கையறைக்குள் போய் அலமாரிக்கு அடியில் தேங்கிவிட்டது.

பைப்பைச் சரிசெய்ய மூன்று டைல்ஸை உடைத்தோம். உள்ளே பார்த்தால், வாஷ்பேசினுக்குப் போகிற லைன் மேல் மூலையிலிருந்து சுவரின் குறுக்கே சாய்வாக இறங்குகிறது. யார் அப்படிப் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. வீட்டுக்காரர் கட்டி முடித்த வீட்டை வாங்கியவர். கெட்ட இடத்தை வெட்டி எடுத்து, கப்ளர் என்கிற இணைப்புத் துண்டைப் போட்டு ஒட்டி, காய விட்டு, அன்று இரவே தண்ணீர் திறந்து பார்த்தேன். கசிவு இல்லை. அதற்குக் கூலியும் கேட்கவில்லை, சாமானுக்கும் கேட்கவில்லை.

இப்போது வீட்டுக்காரர் கேட்பது இதுதான். அதே டிசைன் டைல்ஸ் கடையில் கிடைக்காது, அதனால் பாத்ரூம் முழுவதும் புது டைல்ஸ். அலமாரி மரத்தூளை அழுத்திச் செய்கிற பார்ட்டிகிள் போர்டில் செய்தது, வாங்கி 9 வருடம் ஆகிறது. அடிப்பலகை ஊதிவிட்டது, ஒரு கதவு மூடவில்லை. அதற்குப் பதில் முழுப் புது அலமாரி. கீழ் வீட்டுக் கூரையில் கறை விழுந்திருக்கிறது, அதற்குப் பெயின்ட். கீசர் மாட்டிய கூலியும் கிடையாது. எல்லாம் சேர்த்தால் அந்த வேலைக்கு நான் பேசிய கூலியைப் போல 60 மடங்குக்கு மேல் வருகிறது.

என் ஆளின் கையில்தான் அது நடந்தது. அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் இவ்வளவும் என் தலையிலா? பையன் வேறு தன் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்ளச் சொல்லி அழுகிறான். மூன்று இரவாகச் சரியான தூக்கம் இல்லை.

பழைய மேஸ்திரி எழுதியது:

தம்பி, முதலில் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. துளை போடுவதற்கு முன்னால் அந்த வால்வை அடைத்துப் பார்த்தாயா? பழைய வீட்டில் கேட் வால்வு வருடக்கணக்காகத் திருகாமல் கிடக்கும். உள்ளே தகடு இறுகிப் போயிருக்கும், இல்லையென்றால் தண்டிலிருந்து கழன்றிருக்கும். கைப்பிடி மட்டும் சுற்றும். அது நமக்குத் தெரிந்த விஷயம், வீட்டுக்காரருக்குத் தெரியாது. அடைத்துப் பார்க்காமல் சுவரில் ட்ரில் வைத்திருந்தால் அந்த 20 நிமிடத்தில் பெரும்பங்கு உன்னுடையதுதான்.

அடுத்தது பைப். குழாய் இருக்கிற இடத்துக்கு நேர் மேலேயும் நேர் பக்கவாட்டிலும் துளை போடக் கூடாது என்று எல்லோரும் கற்றுக்கொண்டிருக்கிறோம், ஏனென்றால் லைன் நேராக ஏறும், நேராக ஓடும். அதைப் பார்த்துத்தான் நீ குறி வைத்திருப்பாய். சாய்வாகப் போட்டு மூடிவிட்டுப் போனவனுக்கும் இந்தப் பாவத்தில் பங்கு உண்டு. மெட்டல் டிடெக்டர் வைத்திருந்தாலும் பிளாஸ்டிக் பைப்பைப் பெரும்பாலானவை காட்டாது, அதனால் அதை வைத்து உன்னைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் பையனுக்கு ஒன்று சொல்லிக்கொடு. துளையிலிருந்து வருகிற தூளைப் பார்க்க வேண்டும். டைல்ஸ் தூள் ஒரு நிறம், பூச்சு சாம்பல், செங்கல் சிவப்பு. திடீரென்று சுருள் சுருளாக பிளாஸ்டிக் சீவல் வந்தால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். நான் 40 வருடத்தில் இரண்டு பைப்பை ஓட்டை போட்டிருக்கிறேன். இரண்டாவதில் சீவலைப் பார்த்து நிறுத்தியதால் வெறும் கசிவோடு போயிற்று.

டைல்ஸுக்கு ஒரு வழி இருக்கிறது. அந்த மூன்று மட்டும் வேறு நிறத்தில் வைத்தால் ஒட்டுப்போட்ட மாதிரி அசிங்கமாகத்தான் தெரியும், அதில் வீட்டுக்காரர் சொல்வது சரி. அதற்காக பாத்ரூம் முழுவதும் பெயர்க்க வேண்டியதில்லை. கீசர் இருக்கிற இடத்தில் தரையிலிருந்து கூரை வரை ஒரு பட்டையாக எடுத்துவிட்டு வேறு நிறத்தில் பட்டை கொடுத்தால் வேண்டுமென்றே செய்த மாதிரி இருக்கும். டைல்ஸ் துண்டு நாலைந்து எடுத்துப் போய்ச் சுவரில் வைத்துக் காட்டு. வாயால் சொன்னால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

நீர்க்குழாய்14 எழுதியது:

அண்ணா, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அடைத்துப் பார்க்கவில்லை. பழைய கீசரைக் கழற்றும்போது அதற்குத் தண்ணீர் போகிற சின்ன அடைப்பானை (ஆங்கிள் காக்) மட்டும் அடைத்தேன். பாத்ரூம் வால்வைத் தொடவே இல்லை. நீங்கள் கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது.

நேர்வழி எழுதியது:

எதற்கு இவ்வளவு பயம்? பைப் எங்கே போகிறது என்று சொல்ல வேண்டியது வீட்டுக்காரரின் கடமை. வால்வு அவர் வீட்டு வால்வு. உழைத்துச் சாப்பிடுகிறவர்கள் தலையில்தான் எல்லோரும் ஏறுகிறார்கள். ஒன்றும் கொடுக்காதீர்கள். முடியாது என்றால் பையன் சம்பளத்தில் பாதி பிடியுங்கள், துளை போட்டது அவன்தானே.

இரண்டாம்மாடி எழுதியது:

மேலே எழுதியவருக்கு: அந்தப் பையனை இதில் இழுக்காதீர்கள். குறி வைத்துக் கொடுத்தது இவர், வேலையைப் பேசியது இவர். வீட்டுக்காரருக்கு அந்தப் பையனின் பெயர்கூடத் தெரிந்திருக்காது. உழைக்கிறவர் தலையில் ஏறக் கூடாது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு, அடுத்த வரியில் இருப்பவர்களிலேயே சின்னவன் தலையில் ஏற்றுகிறீர்கள்.

நான் வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து பேசுகிறேன். எங்கள் வீட்டில் டைல்ஸ் போட வந்தவர்கள் வாஷ்பேசினில் எதையோ கீழே போட்டு விரிசல் விடவைத்துவிட்டார்கள். சொல்லவில்லை. விரிசலில் வெள்ளை சிமென்ட்டைத் தேய்த்து மறைத்துவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் பேசின் என் கையிலேயே இரண்டாகப் பிளந்தது. உள்ளங்கையில் தையல் போட வேண்டியிருந்தது. போன் செய்தால், "நாங்கள் போகும்போது நன்றாகத்தானே இருந்தது" என்றார்கள். என்னிடம் எந்தச் சாட்சியும் இல்லை. பேசின் போனதைவிட, அவர்கள் என் முகத்தைப் பார்த்துக் கூலி வாங்கியதுதான் இன்றுவரை ஆறவில்லை.

நீங்கள் ஒளிக்கவில்லை, ஓடவில்லை, அன்றே பைப்பைச் சரிசெய்தீர்கள். உங்கள் வீட்டுக்காரர் இப்போது கோபத்தில் எல்லாவற்றையும் கூட்டிப் பெரிய எண்ணாகக் கேட்கிறார். அவரிடம் பதில் எண் சொல்லாதீர்கள். ஒவ்வொரு பொருளாக எடுத்துப் பேசுங்கள். கீழ் வீட்டுக்காரரிடம் நீங்களே நேரில் போங்கள். அவர் இதில் எந்த வேலையும் கொடுக்காதவர், அவருக்கு விழுந்த கறைக்குச் சாக்கே கிடையாது.

மதிப்பீட்டாளர் எழுதியது:

இன்சூரன்ஸ் நஷ்டங்களை மதிப்பிடுவது என் வேலை. தண்ணீர்ச் சேதம்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பெரும்பாலான நாடுகளின் சட்டம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அந்தத் தொழிலில் பழகியவர் இந்த இடத்தில் எடுத்திருக்கக்கூடிய கவனத்தை இவர் எடுத்தாரா? சேதம் நடந்தது என்பது மட்டுமே குற்றம் ஆகாது. பைப் சாய்வாக இருந்ததை நீங்கள் கண்டுபிடித்திருக்க முடியாது. வால்வைச் சோதித்திருக்க முடியும். அதனால் உங்கள் பொறுப்பு பைப்பில் விழுந்த துளையில் இருப்பதைவிட, தண்ணீர் பரவியதில் அதிகம். உதவியாள் விஷயத்தில் மேலே இரண்டாம்மாடி சொன்னது சரி. வேலை நேரத்தில் உங்கள் ஆள் செய்ததற்கு வெளியாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

இந்தக் கேள்வி மிகப் பழையது. சுமார் 3,750 வருடங்களுக்கு முன் பாபிலோனில் ஹம்முராபி கல்லில் செதுக்க வைத்த சட்டங்களில் 232ஆவது, கட்டியவரின் வேலை சரியில்லாமல் வீடு விழுந்து பொருள் அழிந்தால் அழிந்ததையெல்லாம் அவர் ஈடு செய்ய வேண்டும் என்கிறது. 233ஆவது, சுவர் சாய்ந்தால் சொந்தச் செலவில் பலப்படுத்தச் சொல்கிறது. அழிந்தது எதுவோ அதற்குத்தான் ஈடு. இந்த அளவு எனக்கு எப்போதும் பிடிக்கும்.

உங்கள் அலமாரிக்கு வருவோம். ஈடு என்பது சேதத்துக்கு முந்தைய நிமிடத்தில் அவர் இருந்த நிலைக்கு அவரைக் கொண்டுபோவது. அந்த நிமிடத்தில் அவரிடம் இருந்தது 9 வருடப் பழைய அலமாரி. புது அலமாரியின் முழு விலையைக் கொடுத்தால் அவர் சேதத்தால் லாபம் அடைந்தவர் ஆகிவிடுவார். இன்னொரு பக்கம், ஊதிய பார்ட்டிகிள் போர்டு காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. ஆகவே "காய்ந்தால் சரியாகிவிடும்" என்று சொல்லாதீர்கள், அது பொய்யாகிவிடும். அடிப்பலகை, ஊதிய பக்கப்பலகை, அந்த ஒரு கதவு: இவற்றை மட்டும் மாற்ற முடியுமா என்று ஒரு தச்சரை அழைத்துப் போய் எழுத்தில் கணக்கு வாங்குங்கள். முடியாது என்று அவர் சொன்னால், அலமாரி மொத்தம் எத்தனை வருடம் உழைக்கும், அதில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து அந்த விகிதம்.

கீழ் வீட்டுக் கூரைக்கு உடனே பெயின்ட் அடிக்காதீர்கள். பூச்சு நன்றாகக் காய வேண்டும், பிறகு கறையைத் தடுக்கும் பிரைமர், அதற்கு மேல்தான் பெயின்ட். அவசரப்பட்டால் மஞ்சள் கறை மறுபடி மேலே வரும், இரண்டாவது தடவையும் உங்கள் செலவு.

கூலி தனிக் கணக்கு. கீசர் வேலை செய்கிறது என்றால் அந்தக் கூலி உங்களுக்கு வர வேண்டியது. இருவரும் ஒத்துக்கொண்டு ஈட்டில் கழித்துக்கொள்ளலாம், அவராக மறுப்பது சரியல்ல.

அடுத்த வேலைக்கு முன் பொறுப்புக் காப்பீடு ஒன்று எடுங்கள். பொதுவாக அது அடுத்தவர் பொருளுக்கு வந்த சேதத்தைத் தாங்கும். உங்கள் தவறான வேலையைத் திரும்பச் செய்யும் செலவைத் தாங்காது. முதல் ஒரு பகுதியை நீங்களே கட்ட வேண்டியிருக்கும். இந்த மாதிரி நாளில் அதுவே உங்களைக் காப்பாற்றும்.

நீர்க்குழாய்14 எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை போய்ப் பேசினேன். பையனையும் கூட்டிப் போனேன், அவன்தான் வருவேன் என்று பிடிவாதமாக நின்றான்.

முதலில் கீழ் வீடு. கறையைப் பார்த்தேன், கையகலம்தான் இருந்தது. காய்ந்ததும் நானே ஆள் வைத்து அந்த அறைக் கூரை முழுவதும் அடித்துத் தருகிறேன் என்றேன். அவர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

மேலே வீட்டுக்காரரிடம், வால்வைச் சோதிக்காதது என் தவறு என்று நானே முதலில் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் அவருடைய அம்மா, இரண்டு வருடத்துக்கு முன்பே அந்த வால்வு நிற்கவில்லை, மாற்றச் சொல்லிக்கொண்டே இருந்தேன் என்றார். அதன் பிறகு பேச்சின் சூடு குறைந்தது.

மேஸ்திரி அண்ணா சொன்னபடி டைல்ஸ் துண்டுகளைச் சுவரில் வைத்துக் காட்டினேன். அடர் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை என்று முடிவானது. டைல்ஸ் அவர் வாங்குகிறார், பசை, கூலி எல்லாம் என்னுடையது. கீசர் கூலியை அலமாரிக் கணக்கில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். அடிப்பலகையையும் ஒரு பக்கப்பலகையையும் மாற்றலாம் என்கிறார் தச்சர். அந்தச் செலவு நான். ஆனால் புதுக் கதவு பழைய கதவுகளோடு நிறம் ஒத்துவராது, ஆறு கதவையும் மாற்ற வேண்டும் என்கிறார் வீட்டுக்காரர். அதில் இன்னும் முடிவு வரவில்லை. பாதிப் பாதி என்று கேட்டிருக்கிறேன்.

பையன் சம்பளத்தில் கை வைக்க மாட்டேன். நாளைக் காலை அந்தக் கேட் வால்வைக் கழற்றிவிட்டுப் கைப்பிடியைக் கால் சுற்று திருப்பினாலே அடைபடுகிற பால் வால்வு போடுகிறோம். அவனையே போடச் சொல்லியிருக்கிறேன்.