எஜெக்ட்: ‘வெளியேற்று’ போதுமா?

வணக்கம் ஐயா,

> ‘வெளியேற்று’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

‘எஜெக்ட்’ (eject) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அது புழக்கத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் கணினித் திரையில் அதன் பக்கத்திலேயே ‘வெளியேறு’ நிற்கிறது. நடுவில் ஒரு ‘ற்’ மட்டுமே வேறுபாடு. பென் டிரைவை எடுக்க நினைத்தவர் கணக்கை விட்டே வெளியேறிவிடக்கூடும். தன்வினையும் பிறவினையும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வருவது ஆபத்து. புகை, கழிவுநீர், குடியிருப்போர் என எல்லாவற்றுக்கும் அதே சொல்தான். சுமை ஏற்கெனவே அதிகம்.

எஜெக்டின் இலத்தீன் வேருக்கு ‘வெளியே எறி’ என்று பொருள். தான் பிடித்து வைத்திருப்பதைக் கருவியே வெளியே தள்ளுவதுதான் கரு. ஒளியும் கதிரும் வருவது உமிழ்வு. அதை இதோடு குழப்பக் கூடாது.

துப்பாக்கியைப் பாருங்கள். சுட்டு முடித்த தோட்டாக் கூட்டின் விளிம்பை ஒரு கொக்கி பற்றி அறையிலிருந்து பின்னால் இழுக்கிறது. இன்னொரு உறுப்பு கூட்டின் எதிர்ப்பக்கத்தில் முட்டி அதை வெளியே தெறிக்க விடுகிறது. கொக்கி தேய்ந்தால் கூடு அறைக்குள்ளேயே தங்கும். இரண்டாவது உறுப்பின் சுருள்வில் தளர்ந்தால் வாயிலில் சிக்கி நிற்கும். பழுது இரண்டு, பாகம் இரண்டு. முன்னதற்கு ‘உருவி’, பின்னதற்கு ‘வெளித்தள்ளி’ என்று பரிந்துரைக்கிறேன். இரண்டையும் ‘வெளியேற்றி’ என்றால் எந்தப் பாகத்தை மாற்றுவது என்றே தெரியாது.

பிளாஸ்டிக் வார்ப்பிலும் ‘வெளித்தள்ளி’ கச்சிதமாகப் பொருந்தும். அச்சுக்குள் பொருள் இறுகியதும் உலோக முளைகள் (pins) பின்னாலிருந்து தள்ளுகின்றன. அச்சுச் சுவருக்கு 1 முதல் 2 பாகைச் சரிவு கொடுக்காவிட்டால் பொருள் ஒட்டிக்கொள்ளும். இறுகுமுன் தள்ளினால் முளை பட்ட இடம் வெளுக்கும், பொருளும் கோணும்.

போர் விமான இருக்கைக்கு மட்டும் ‘தள்ளு’ போதாது. கூரை கழன்றோ உடைந்தோ வழிவிட, வெடிவிசையும் ராக்கெட்டும் விமானியை இருக்கையோடு மேலே வீசுகின்றன, முதுகெலும்பே நொறுங்கலாம். அது ‘எறியிருக்கை’. சூரியன் பிளாஸ்மாவை (மின்னேற்றம் கொண்ட வளிமத்தை) வீசுவது ‘நிறையெறிவு’. ‘வீச்சு’ வேண்டாம், இயற்பியலில் அது அலையின் நடுக்கோட்டிலிருந்து உச்சி வரையுள்ள அளவுக்குப் போய்விட்டது.

கணினிக்கு வருகிறேன். குறுந்தகட்டுத் தட்டு உண்மையிலேயே வெளியே வந்தது. ‘வெளித்தள்ளு’ அங்கே சரி. பென் டிரைவை எதுவும் தள்ளுவதில்லை. நினைவகத்தில் காத்திருக்கும் தரவு முழுவதும் எழுதப்படுகிறது, திறந்த கோப்புகள் உண்டா என்று பார்க்கப்படுகிறது, டிரைவின் கோப்பு முறைமை (கோப்புகளை அடுக்கி வைக்கும் அமைப்பு) கணினியிலிருந்து பிரிக்கப்படுகிறது. கணினி தன் பிடியை விடுகிறது, அவ்வளவுதான். எனவே பொத்தானில் ‘விடுவி’. முடிந்ததும் வரும் செய்தி: ‘விடுவித்தாயிற்று, இனிக் கழற்றலாம்’. கழற்றுவது பயனரின் கை செய்யும் வேலை என்பதும் அதிலேயே விளங்கிவிடும். 2018இல் வந்த விண்டோஸ் 10இன் ‘1809’ பதிப்பு முதல், தரவைக் காக்க வைக்காமல் உடனே எழுதும் ‘விரைந்து கழற்றும்’ முறையே இயல்பமைப்பு என்றாலும், நகலெடுக்கும்போது பிடுங்கினால் கோப்பு பாதியில் நிற்கும். ஆகவே அந்தப் பொத்தான் இன்னும் தேவை.

அன்புடன்.

*

வணக்கம் நண்பரே,

‘விடுவி’ எனக்கு முழுச் சம்மதம். இதயத்தை விட்டுவிட்டீர்கள். அங்கே ‘எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன்’ (ejection fraction) என்று ஓர் அளவு உண்டு, ஃபிராக்‌ஷன் என்றால் பின்னம். இடக் கீழறையில் நிறைந்த 120 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஒரு துடிப்புக்கு 70 வெளியே போனால், 70ஐ 120ஆல் வகுத்துச் சுமார் 58 விழுக்காடு. எக்கோ (இதய மீயொலிப் பரிசோதனை) அறிக்கையில் 58ஐப் பார்ப்பவர் அதை நூற்றுக்கு வாங்கிய மதிப்பெண்ணாக எடுத்துக்கொண்டு பதறுகிறார். நல்ல இதயமும் ஒரு துடிப்பில் முழுவதையும் தள்ளாது. 50க்கு மேல் 70 வரை இயல்புதான். ‘பின்னம்’ என்று பெயர் வைத்துவிட்டு விழுக்காட்டில் எண் தருவது குழப்பத்தைக் கூட்டும். ‘வெளித்தள்ளு விழுக்காடு’ என்றே வைத்து, அறிக்கையில் இயல்பு வரம்பையும் பக்கத்தில் அச்சிடச் சொல்லலாம்.

‘எறியிருக்கை’யில் ஒரு ஐயம்: ‘ஏறியிருக்கை’ என்று படித்துவிட வாய்ப்புண்டு. ‘எறி இருக்கை’ என்று பிரித்தே எழுதுவோமா?