இம்பே வாங்கிய மாதம் 5,000: கூடுதல் பொறுப்புச் சம்பளமா, வாயடைக்கக் கொடுத்ததா?

ஏட்டுப்பூச்சி கேட்டது:
1780-ல் கல்கத்தா உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி எலைஜா இம்பேயிடம், கும்பினியின் (கிழக்கிந்தியக் கம்பெனியின்) உயர் சிவில் மேல்முறையீட்டு மன்றமான சதர் திவானி அதாலத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி ஒப்படைத்தார் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ். சம்பளம் மாதம் 5,000 ரூபாய் என்று ஓரிடத்தில் இருக்கிறது. வரலாறு எழுதிய மெக்காலேயோ ஆண்டுக்கு ஏறக்குறைய 8,000 பவுன் என்கிறார். ரூபாய்க்கு 2 ஷில்லிங் என்று வைத்தால் 60,000 ரூபாய்க்கு 6,000 பவுன்தானே வரும்? மீதி எங்கே போனது? கூடுதல் வேலைக்குக் கூடுதல் பணம் வாங்குவது ஊர் உலகத்தில் நடப்பதுதான். இதற்குப் போய் ஏன் ஆளையே திருப்பி அழைத்தார்கள்?

காசுக்கணக்கு:
மீதி எங்கும் போகவில்லை, நீங்கள் இரண்டை விட்டுவிட்டீர்கள். ஒன்று, சம்பளத்தோடு அலுவலக வாடகை என்று மாதம் 600 தனியாக உண்டு. ஆக மாதம் 5,600, ஆண்டுக்கு 67,200. இரண்டாவது, இது சிக்கா ரூபாய், அதாவது நாணயச்சாலையில் அடித்த நிஜ வெள்ளிக் காசு. கும்பினிக் கணக்கேட்டில் இருந்த 'கரன்ட் ரூபாய்' வெறும் கணக்கு ரூபாய். 100 சிக்காவுக்கு 116 கரன்ட். 67,200-ஐ 1.16-ஆல் பெருக்கினால் 77,952. அதற்குத்தான் 2 ஷில்லிங் விகிதம். 7,795 பவுன் வருகிறது, 'ஏறக்குறைய 8,000' சரிதான்.

வங்காளக் கணக்குகளில் பலரும் சறுக்குவது இங்கேதான். சிக்காவா கரன்டா என்று பார்க்காமல் பவுனாக்கினால் 16 சதவீதம் அடிபட்டுப் போகும்.

பழைய குமாஸ்தா:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தொகை பெரிதுதான், ஆனால் விவகாரம் தொகையில் இல்லை. எந்த நிபந்தனையில் கொடுத்தார்கள் என்று பாருங்கள்.

1773 ஒழுங்குமுறைச் சட்டப்படி தலைமை நீதிபதிக்கு ஆண்டுக்கு 8,000 பவுன், மற்ற நீதிபதிகளுக்கு 6,000. இந்தச் சம்பளம் எல்லாக் கட்டணத்துக்கும், மேல்வரும்படிக்கும், சலுகைக்கும் பதிலாகத் தரப்படுவது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. எனவே 'கூடுதல் படி' என்று எந்தப் பெயரில் வாங்கினாலும் இடிக்கும். இம்பே நியமனம் அரசரிடமிருந்து வந்தது. கவர்னர் ஜெனரல் கவுன்சில் அவரை அசைக்க முடியாது. சதர் திவானி பதவியோ கவுன்சிலின் விருப்பம் உள்ளவரைதான். கவுன்சில் நினைத்தால் நாளைக்கே பிடுங்கலாம். கவுன்சிலைக் கேள்வி கேட்க வேண்டிய நீதிபதியின் பாதி வருமானம் அந்தக் கவுன்சிலின் கையில்!

நேரத்தையும் கவனியுங்கள். காசிஜோரா ஜமீன்தார் மீதான வழக்கில் நீதிமன்றத்தின் ஷெரீப் ஆட்கள் வாரன்டோடு போக, கவுன்சில் பட்டாளத்தை அனுப்பி அவர்களைப் பிடித்து வைத்தது. அந்தச் சூடு ஆறும் முன்பே, அதே 1780 அக்டோபரில் இந்த நியமனம். கவுன்சிலில் பிரான்சிஸும் வீலரும் எதிர்த்தார்கள். ஹேஸ்டிங்ஸுக்கோ அந்த செப்டம்பரில்தான் பொள்ளிலூரில் ஹைதர் அலியிடம் படை தோற்ற செய்தி. வீட்டுக்குள்ளும் ஒரு சண்டையை வைத்துக்கொள்ள முடியாத நிலை.

வடகரை:
குமாஸ்தா ஐயா, ஒரு பக்கத்தையே சொல்கிறீர்கள். வேலை நிஜமான வேலை. 1772 திட்டப்படி சதர் திவானியில் கவர்னரும் கவுன்சிலும் உட்கார வேண்டும். அவர்களுக்கு அதற்கு நேரம் ஏது? மேல்முறையீடுகள் தேங்கத்தானே செய்யும். இம்பே வந்ததும் மொபசல் (கல்கத்தாவுக்கு வெளியே உள்ள) நீதிமன்றங்களுக்கு 95 பிரிவுகள் கொண்ட நடைமுறை விதித் தொகுப்பை 1781-ல் முடித்துக் கொடுத்தார். சும்மா கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கிய ஆள் இல்லை. லண்டனிலிருந்து லார்ட் சான்சலரின் கருத்து தெரியும்வரை பணத்தைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றும் கவுன்சிலுக்கு எழுதினார்.

பழைய குமாஸ்தா:
எழுதினார், மறுக்கவில்லை. ஆனால் முறை தலைகீழ். முதலில் ஒப்புதல், பிறகு பொறுப்பேற்பு, அதன்பின் சம்பளப் பட்டியல்: இதுதான் வரிசை. அவர் பொறுப்பேற்றுவிட்டு ஒப்புதலுக்குக் காத்திருந்தார். கப்பல் தபால் போய்ப் பதில் வர ஓராண்டு ஆகும் காலத்தில் அந்த இடைவெளியே குற்றச்சாட்டாகிவிடும். பணத்தை ஒதுக்கி வைத்தாலும் பதவியில் அமர்ந்தது அமர்ந்ததுதானே. 1782 மே மாதம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபை அவரைத் திருப்பி அழைக்கக் கோரித் தீர்மானம் போட்டது. அவர்கள் பிடித்துக்கொண்டதும் பதவியைத்தான்: 1773 சட்டத்தின் நோக்கத்துக்கு ஒவ்வாத பதவியை ஏற்றார் என்று. அந்த ஆண்டே சதர் திவானியை விட்டார், 1783 டிசம்பரில் கப்பலேறினார். 1788-ல் பதவிநீக்க விசாரணைக் கோரிக்கை 73-க்கு 55 என்று தோற்றது. அதில் பெரிய குற்றச்சாட்டு, ஹேஸ்டிங்ஸ் மீது புகார் சொன்ன நந்தகுமாருக்கு இம்பேயின் நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்த வழக்கு.

காசுக்கணக்கு:
பேரம் பேசத் தெரிந்தவர் என்றால் பின்னால் கவர்னர் ஜெனரலாக வந்த கார்ன்வாலிஸ்தான். கவுன்சிலின் பெரும்பான்மை கவர்னர் ஜெனரலைக் கட்டிப்போடும் நிலையில் போகமாட்டேன் என்று 1785-ல் மறுத்தார். 1786-ல் சட்டத்தைத் திருத்தி, கவுன்சிலை மீறும் அதிகாரமும் தளபதிப் பதவியும் ஒருவரே வகிக்கலாம் என்றான பிறகே கப்பலேறினார். நிபந்தனை முழுக்கச் சட்டத்தில் ஏறிவிட்டதால், இரட்டைப் பதவி என்று பின்னால் யாரும் கை நீட்ட வழியில்லை.

ஏட்டுப்பூச்சி:
நன்றி. சிக்கா விஷயம் தெரியாமல் போயிருந்தால் அட்டவணை முழுவதும் தப்பாகியிருக்கும். சதர் அதாலத்தும் உச்ச நீதிமன்றமும் பிறகு எப்போதாவது ஒன்றாயினவா?

வடகரை:
1861 சட்டத்தின் கீழ், 1862-ல். கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்றிலும் இரண்டையும் சேர்த்துத்தான் உயர் நீதிமன்றம் ஆக்கினார்கள்.