கிரிஸ் குத்துவாளைச் சேகரிப்பது மரபைக் காப்பதா?

நல்லூர் வாசகர்:
ஜாவாவின் கிரிஸ் குத்துவாளைத் தேடி வாங்கும் எம்மவர் சிலர், அலகின் வளைவுகளை எண்ணி விலை பேசுவதோடு நின்றுவிடுகிறார்கள். நிக்கல் கலந்த உலோகத்தையும் இரும்பையும் மடித்து மடித்து அடித்து, 'பமோர்' என்னும் வரிக்கோலத்தை வரச்செய்யும் 'எம்பு' எனப்படும் கொல்லர், உலை மூட்டுமுன் நோன்பிருப்பது மரபு. தலைமுறை வழியாக வந்த கிரிஸை அங்குள்ள குடும்பத்தார் ஆண்டுதோறும், ஜாவா நாட்காட்டியின் முதல் மாதமான சூரோவில், எலுமிச்சைச் சாற்றாலும் பாடாணத்தாலும் (ஆர்சனிக்) துலக்கி, பூவும் புகையும் கொடுத்துப் போற்றுகிறார்கள். நல்லூர்க் கந்தன் மூலத்தானத்தில் வேலாகவே எழுந்தருளியிருப்பதைக் கண்டு வளர்ந்த எமக்கு, ஆயுதம் வழிபடுபொருளாவதை எவரும் விளக்கத் தேவையில்லை. அத்தகைய ஒன்றைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதை நான் மரபுப்பற்று என்று ஏற்கமாட்டேன்.

பருத்தித்துறைச் சேகரிப்பாளர்:
ஐயா, கந்தனின் வேலோடு கிரிஸை ஒப்பிடுவது பொருந்தாது. வேல் பிரதிஷ்டை செய்யப்பட்டு ஊருக்குப் பொதுவாக நிற்பது. கிரிஸோ தந்தையிடமிருந்து மகனுக்கும் அரசரிடமிருந்து பணியாளருக்கும் கைமாறி வந்தது. யுனெஸ்கோ 2005 இல் அதை மானுடத்தின் அருமரபாக அறிவித்தபோதே எம்புகளின் தொகை அருகியிருந்தது. இன்று உலை எரிவது வாங்குவோர் இருப்பதால்தான்.

கொக்குவில் நண்பர்:
இருவரும் ஆன்மிகத்தையே பேசுகிறீர்கள். பாடாணம் இரும்பைக் கருக்கி, நிக்கல் உள்ள வரிகளை வெண்மையாக விடுவதால்தான் கோலம் துலங்குகிறது. அந்த உலோக அறிவை மதிப்பதற்கு நம்பிக்கை வேண்டியதில்லை.

நல்லூர் வாசகர்:
அறிவை மதியுங்கள், தம்பி. ஆனால் அந்தத் துலக்கலை வழிபாடாகச் செய்தவர்களை அதிலிருந்து நீக்கிவிடாதீர்கள். பருத்தித்துறை ஐயாவுக்கு: எம்புவிடம் புதிதாகச் செய்விப்பதை நான் எதிர்க்கவில்லை. பழைய கிரிஸ் எந்த வீட்டிலிருந்து, எந்த நெருக்கடியில் வெளியேறியது என்று கேளாமல் வாங்குவதையே எதிர்க்கிறேன். 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் பூசையறையை அப்படியே விட்டுச் சென்று, திரும்பி வந்தபோது குத்துவிளக்கைக்கூடக் காணாத குடும்பங்கள் எம்மிடையே எத்தனை! அவ்விளக்கு இன்று யாரோ ஒருவரின் அலுமாரியில் அழகுப்பொருளாக இருக்குமானால், அவரை மரபுக் காவலர் என்பீர்களா?

பருத்தித்துறைச் சேகரிப்பாளர்:
அந்த இழப்பு என் வீட்டிலும் உண்டு. ஆயினும் வந்தவழி தெரியாத கிரிஸை எவரும் தொடாவிட்டால் அது துருவேறி அழியும். வாங்கியவர் சந்தன எண்ணெயிட்டுப் பேணி, யாரிடம் பெற்றார் என்பதை எழுதிவைத்து, உரியவர் வந்தால் திருப்பிக் கொடுக்கட்டும். வாங்கவே கூடாது என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.