ஈஸ்டர் முட்டைக்கு கலர் போடுறது எப்படி? அவிச்சதா, பச்சை முட்டையா?

ஜெர்சி மீனா:
மக்களே ஒரு ஹெல்ப். நாங்க இருக்கறது நியூஜெர்சி. வர்ற சனிக்கிழமை அப்பார்ட்மெண்ட் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் குட்டீஸோட நம்ம வீட்டுக்கு வர்றாங்க, ஈஸ்டர் முட்டைக்கு கலர் பண்ண, எனக்கு இது ஃபர்ஸ்ட் டைம். கடையில பாஸ் (PAAS)னு முட்டைக்கு கலர் போடுற கிட் பார்த்தேன், கலர் மாத்திரை மாதிரி இருக்கு, வினிகர் ஊத்தணும்னு போட்டிருக்கான், அது எதுக்கு? முட்டைய அவிச்சுட்டு பண்றதா, பச்சையாவா? நம்ம மஞ்சத்தூள், வெங்காயத்தோல்ல கலர் வருமா? அப்புறம் மிச்சத்த முட்டைக்குழம்பு வெச்சிரலாமான்னு வீட்டுக்காரர் இப்பவே கேக்க ஆரம்பிச்சாச்சு 😄

டல்லாஸ் தம்பி:
அவிச்சது தான் அக்கா. குட்டீஸ் கையில பச்சை முட்டைய குடுத்தா கார்ப்பெட்டோட கதி என்னாகும்னு யோசிங்க. வெள்ளை முட்டையா வாங்குங்க, பிரவுன்ல கலர் மங்கலா தான் தெரியும். வினிகர் ஏன்னா ஓட்டு மேல மெல்லிசா புரதம் இருக்கும், புளிப்பு பட்டா தான் ஃபுட் கலர் அதுல ஒட்டும். அரை கப் சுடுதண்ணி, ஒரு டீஸ்பூன் வினிகர், கலர் பத்து இருபது சொட்டு, அஞ்சு நிமிஷம், அவ்ளோதான். ரொம்ப ஊத்திராதீங்க, ஓடு சுண்ணாம்பு தானே, கரைஞ்சு திட்டுத்திட்டா ஆயிரும். வெள்ளை கிரேயான்ல பேர் எழுதிட்டு முக்கச் சொல்லுங்க, எழுத்து மட்டும் வெள்ளையா நிக்கும், பசங்க குஷியாயிருவாங்க. பாஸ் கிட்டும் உங்க ஊரு சரக்கு தான், நியூவார்க்ல மருந்துக்கடை வெச்சிருந்தவர் ஆரம்பிச்சது.

கத்தரிப்பூ:
மஞ்சத்தூள் சூப்பரா வரும். பெரிய வெங்காயத்தோல அரை மணி நேரம் கொதிக்க விட்டு வடிகட்டுனா செங்காவி கலர். ஊதா முட்டைகோஸ்ல ஊறவெச்சா நீலம் வரும், நம்பவே மாட்டீங்க! ஆனா இதெல்லாம் மெதுவா தான் ஏறும், ராத்திரி ஃபுல்லா ஃப்ரிட்ஜ்ல ஊறணும், பிள்ளைங்க அதுவரைக்கும் உக்காருமா? முந்தின நாளே கொஞ்சம் போட்டு வெச்சிருங்க. எங்க பக்கத்து வீட்டு கிரேக்க ஆன்ட்டி பெரிய வியாழன் (ஈஸ்டருக்கு முந்தின வியாழன்) அன்னிக்கு எல்லா முட்டையும் சிவப்பா மட்டும் தான் பண்ணுவாங்க, ஈஸ்டர் அன்னிக்கு ஆளுக்கொண்ணு எடுத்து முட்டி மோதி யாரோடது உடையலையோ அவங்க ஜெயிச்சாங்கன்னு விளையாட்டு. கேமுக்கு இத வெச்சிக்கோங்க.

எட்மன்டன் வாசி:
பெரியவங்களுக்குன்னா உக்ரைன்காரங்க பண்ற பிசங்கா ட்ரை பண்ணுங்க. இது மட்டும் பச்சை முட்டையில. கிஸ்ட்கான்னு ஒரு குட்டிக் கருவி, அதுல தேன்மெழுகு உருக்கி கோடு போட்டு மஞ்சள்ல முக்கி, திரும்ப மெழுகு, அப்புறம் சிவப்பு, கடைசில கருப்புன்னு வெளிர் கலர்லருந்து அடர் கலருக்கு போகணும், கடைசியா மெழுகுவர்த்தி பக்கத்துல காட்டி மெழுக துடைச்சா எல்லா கலரும் ஒண்ணா தெரியும் பாருங்க, அந்த நிமிஷத்துக்காகவே பண்ணலாம். 2024ல யுனெஸ்கோவோட கலாச்சாரப் பாரம்பரியப் பட்டியல்லயும் சேத்துட்டாங்க. இங்க கனடாவுல எங்க ஆல்பர்ட்டா மாகாணத்துல வெக்ரவில்ங்கற ஊர்ல 1975லயே ராட்சச பிசங்கா சிலை வெச்சிருக்காங்க. நெருப்பு இருக்கு, பொடிசுங்க கிட்ட குடுக்காதீங்க.

ஜெர்சி மீனா:
தேங்க்ஸ் மக்களே! பிசங்கா அடுத்த வருஷம் பார்ப்போம். குழம்புக்கு யாரும் பதில் சொல்லலியே??

கத்தரிப்பூ:
தாராளமா வைங்க, ஃபுட் கலர் தானே. ஓடு கீறுனது வழியா உள்ள பச்சை நீலம்னு இறங்கியிருக்கும், மசாலாவுல தெரியாது. ஆனா ஃப்ரிட்ஜுக்கு வெளிய ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெக்காதீங்க, ஒரு வாரத்துக்குள்ள முடிச்சிருங்க. தோட்டத்துல ஒளிச்சு வெச்சு தேடுறதுக்கு பிளாஸ்டிக் முட்டை வாங்கி மிட்டாய் போட்டுக்கோங்க. கிராஃப்ட் பெயின்ட், கிளிட்டர் அடிச்சத மட்டும் வீட்டுக்காரர் கண்ணுல காட்டாதீங்க 😂