மண்மேடு போட்டா தூரத்தைக் குறைக்கலாமா?

வெள்ளைக்கல்: பாதுகாப்புத் தொழில் வழித்தடத்துல சேலமும் ஒரு முனை. நாளைக்கே இங்க ஷெல் (பீரங்கிக் குண்டு) கிடங்கு வருதுன்னு வைங்க. சுத்தி மண்மேடு எழுப்பிட்டு வீடுகளுக்கு 222 மீட்டர் விட்டாப் போதும். 1000 கிலோ வெடிமருந்து, அதோட கனமூலம் 10, வெடிமருந்துக் கிடங்குக்கு எவ்வளவு தூரம் விடணும்னு சொல்ற நேட்டோ அட்டவணையின் 22.2-ஆல பெருக்குங்க. அதை விட்டுட்டு 400 மீட்டர் விடணும்னு கேட்டா நிலத்துக்கு எங்க போறது?

மேச்சேரியான்: பெருக்கல் சரிங்க. ஆனா 222 வெடிப்பால வர்ற காத்தழுத்தத்துக்கான தூரம். அங்க 5 கிலோபாஸ்கல்தான் வரும்; கண்ணாடி நொறுங்கும், வீடு நிக்கும். ஷெல் உடைஞ்சு தெறிக்கற இரும்புத்துண்டு கணக்கு வேற. 155 மி.மீ. ஷெல் ஏறக்குறைய 43 கிலோ, அதுல மருந்து 7 கிலோதான். உங்க 1000 கிலோன்னா சுமார் 145 ஷெல், அஞ்சு டன் எஃகு! அதனாலதான் அதே அட்டவணை, குடியிருப்பு நெருக்கமா இருந்தா 400-க்குக் கீழ இறங்க விடறதில்ல.

வெள்ளைக்கல்: அந்த எஃகைத் தடுக்கத்தானே மேடு?

மேச்சேரியான்: தாழப் பறக்கறதைத் தடுக்கும், பக்கத்து அடுக்கு சேர்ந்து வெடிக்காம காக்கும். மேல கிளம்பி வளைஞ்சு விழற துண்டை அது என்ன பண்ணும்? 79 ஜூலுக்கு மேல ஆற்றல் உள்ள துண்டு 56 சதுர மீட்டருக்கு ஒண்ணு, இதுதான் ஏத்துக்கிட்ட வரம்பு. 400-லயும் ஒண்ணுமே விழாதுன்னு யாரும் சொல்லல.

அடிவாரம்: இன்னொண்ணு. சேர்வராயன் சரிவுல வீடு இருந்தா அது மேட்டுக்கு மேல தலையை நீட்டிக்கிட்டிருக்கும். தாழப் பறக்கற துண்டுக்குக்கூட மறைப்பு இல்ல. மேக்னசைட் சுரங்கக் கழிவு சும்மாக் கிடைக்குதேன்னு அதைக் கொட்டி மேடு போடற யோசனையும் வேண்டாம். கல்லு கலந்த மேடு வெடிப்புல அதுவே தெறிக்கும். சலிச்ச மண்ணுதான் வேணும்.

வெள்ளைக்கல்: அப்ப 500, 500-ன்னு ரெண்டு அடுக்காப் பிரிக்கலாமே?

மேச்சேரியான்: கனமூலக் கணக்காச்சே, பாதியாக்கினாலும் 222 வந்து 176-லதான் நிக்கும். அதுவும் ரெண்டு அடுக்குக்கும் நடுவுல மேடு போட்டு, 500-ஓட கனமூலத்துக்கு 2.4 பங்கு, அதாவது 19 மீட்டர் விட்டாத்தான். நெருக்கி வெச்சா மறுபடி 1000-தான். 400 அப்படியே இருக்கும்.

வெள்ளைக்கல்: மண்ணு மூடின கிடங்கு கட்டினா?

மேச்சேரியான்: அது பேசலாம். பக்கவாட்டுலயும் பின்னாலயும் தூரம் குறைய வழி உண்டு. முன்பக்கம் கிடையாது, கதவு வழியாத்தான் எல்லாம் பாயும். வெடியைத் தூண்டற டெட்டனேட்டருக்குத் தனி அறை. கதவு எந்தத் திசைன்னு வரைபடத்தைப் போடுங்க, பாக்கலாம்.